கொடுமுடியிலிருந்து கொழும்புக்கு வந்த குரல்

கொட்டாஞ்சேனையில் என் உம்மம்மா சிறுமியாக இருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருந்ததாம். பக்கத்து வீட்டில் ரேடியோ இருந்தது, இவர்கள் வீட்டில் இல்லை. அதனால் இலங்கை வானொலியில் எது போனாலும் அது இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத்தான் கேட்கும். சுபஹ் தொழுகை முடிந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் அந்தச் சுவர் வழியாக ஒரு பெண்குரல் வருமாம். கனத்த குரல், ஆனால் மேலே போகும்போது கொஞ்சமும் நடுங்காத குரல். பாடியவரின் பெயர் உம்மம்மாவுக்குத் தெரியாது. இன்றுவரை அவரை ஔவையார் என்றுதான் சொல்லுவார்.

சென்ற வருடம் தமிழ் நாடக வரலாறு பற்றி ஒப்படை ஒன்று செய்வதற்காக வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போனேன். அங்கேதான் அந்த ஔவையாரின் சொந்தப் பெயரைத் தெரிந்துகொண்டேன். கே. பி. சுந்தராம்பாள். கொடுமுடி பாலாம்பாள் மகள் சுந்தராம்பாள் என்பதுதான் அந்த எழுத்துகளின் விரிவு. 1926ஆம் ஆண்டு அவர் நாடகம் நடிப்பதற்காகக் கொழும்புக்கு வந்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 17. உம்மம்மா கற்பனை செய்து வைத்திருந்த நரைத்த கிழவி, என்னுடைய வயதில் எங்களுடைய ஊரில் பாடிய ஒரு பெண்! ஒப்படைக்குத் தேவையான பக்கங்களைக் குறித்துக்கொண்ட பிறகும் அவரைப் பற்றியே வாசித்துக்கொண்டிருந்தேன்.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி தமிழ்நாட்டில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். வறுமையான குடும்பம். தாய் பாலாம்பாள்தான் பிள்ளைகளை வளர்த்தார். சின்னச் சுந்தராம்பாள் ரயிலில் ஏறிப் பாடுவார், பயணிகள் கொடுக்கும் சில்லறை வீட்டுக்குப் போகும். அப்படி ஒரு நாள் பாடிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் எஃப். ஜி. நடேச ஐயரின் காதில் விழுந்தது என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள். நடேச ஐயர் ரயில்வே அதிகாரி. அதோடு பெரிய நாடகப் பிரியர், திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர். அவர் மூலமாகச் சிறுமி வேலு நாயரின் நாடகக் கம்பனியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது நல்லதங்காள் நாடகம். பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்து இறக்கும் தாயின் கதை அது. அதில் பசியால் துடிக்கும் பிள்ளையாக வந்து சுந்தராம்பாள் பாடினார். பார்த்தவர்கள் அழுதார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பசியை யாரும் நடித்துக் காட்டிக் கொடுத்திருக்கத் தேவையில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சிறுவயதில் ஆண் வேடங்களும் போட்டார். எகிப்தின் பெரும் பாடகி உம்மு குல்தூமைப் பற்றி எங்கள் வீடுகளில் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவரையும் சிறுமியாக இருந்தபோது தகப்பன் பையனின் உடுப்பைப் போட்டுத்தான் ஊர் ஊராகப் பாட அழைத்துச் சென்றாராம். ஏறக்குறைய ஒரே காலத்தில், இரண்டு தேசங்களில், இரண்டு பெண் பிள்ளைகள் பையன்களாக நின்று பாடியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்து நாடகம் இன்றைய நாடகத்தைப் போன்றதல்ல. வசனத்தை விடப் பாட்டுத்தான் அதிகம். மேடையின் ஓரத்தில் ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் இருப்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் குந்தியிருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், அதுவும் விடிய விடிய. ஆகவே உயர்ந்த சுருதியில் சளைக்காமல் பாடக்கூடியவர்களே மேடையில் நிலைத்தார்கள். பின்னாளில் எத்தனையோ கருவிகள் வந்த பிறகும் சுந்தராம்பாள் பாடும்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்பதற்கு இந்தப் பயிற்சிதான் காரணமாக இருக்க வேண்டும்.

இதில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று உண்டு. ஒரே கம்பனியைச் சேராத நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி ஒரு இரவுக்கு அழைத்து வருவார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் எல்லோருக்கும் பாடம். அதனால் ஒத்திகை இல்லாமலே மேடையில் சந்தித்துக்கொள்வார்கள். வள்ளியும் வேலனும் தர்க்கம் செய்யும் இடத்தில் எழுதி வைத்ததோடு நிற்காமல் சொந்தமாகவும் கேள்வி போட்டுப் பதில் சொல்லுவார்கள். ஒருவர் மேலே ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் மற்றவர் அதற்கும் மேலே போக வேண்டும். சபையில் இருப்பவர்கள் அதைப் பார்க்கத்தான் காசு கொடுத்து வந்திருப்பார்கள்.

சுந்தராம்பாள் கொழும்புக்கு வந்தது இப்படிப்பட்ட நாடகங்களுக்காகத்தான். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் சேவை தொடங்கியிருந்தது. சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கோட்டை ரயில் நிலையம் வரை வந்து இறங்கலாம். புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்த காலம். இந்தியாவிலிருந்து வரும் நாடகக்காரர்களுக்குக் கொழும்பு ஒரு முக்கியமான ஊர்.

அங்கே அவரோடு சேர்ந்து நடிக்க வரவழைக்கப்பட்டவர் எஸ். ஜி. கிட்டப்பா. செங்கோட்டையைச் சேர்ந்தவர், சுந்தராம்பாளை விட இரண்டு வயது மூத்தவர். சிறுவயதிலிருந்தே மேடையில் இருந்தவர். கண்ணையா கம்பனியின் தசாவதாரம் நாடகத்தால் தென்னிந்தியா முழுவதும் பெயர் பெற்றவர். ஆண்களில் அவ்வளவு உயரத்துக்குப் பாடக்கூடியவர் அன்று இல்லை என்பார்கள். கொழும்பு மேடையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஒருவரை ஒருவர் விழுங்கிவிடுவார்கள் என்று பயந்தவர்கள் இருந்தார்களாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. போட்டியாகத் தொடங்கியது ஜோடியாக முடிந்தது. 1927இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். அது சுந்தராம்பாளுக்கும் தெரியும். அக்காலத்து இந்துச் சட்டத்தில் அதற்குத் தடையில்லை. ஆனால் சட்டம் இடங்கொடுத்தாலும் ஊர் இடங்கொடுக்கவில்லை. சாதி வேறு. மேடையில் ஆடிப்பாடும் பெண் என்ற இளக்காரம் வேறு. மேடைக்கு முன்னால் கைதட்டியவர்களே மேடைக்குப் பின்னால் அவளைக் கூத்தாடி என்றார்கள். கைவிடுவதில்லை என்று மணத்துக்கு முன்னால் கிட்டப்பாவிடம் சுந்தராம்பாள் உறுதி வாங்கிக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது.

சில வருடங்கள் தமிழ்நாட்டில் அவர்களைப் போல ஒரு ஜோடி இருக்கவில்லை. அவர்கள் பாடிய கிராமபோன் தட்டுகள் எங்கும் விற்றன. இருவரும் கதர் உடுத்தார்கள், காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார்கள். பிறகு பிரிவு வந்தது. கிட்டப்பாவின் குடிப்பழக்கமும் உடல் நோயும் சேர்ந்து வளர்ந்தன. அவர்களுக்குப் பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. அந்த நாட்களில் சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளியாகியுள்ளன. ஆயிரக்கணக்கானோருக்கு முன்னால் தலை நிமிர்ந்து நின்ற ஒரு பெண், ஒருவருடைய பதிலுக்காக இப்படிக் காத்திருந்திருக்கிறார் என்பது எனக்கு வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கடிதங்களை இங்கே எடுத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அவை எங்களுக்கு எழுதப்பட்டவை அல்லவே.

1933ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா காலமானார். அவருக்கு 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றோடு அவர் நிறச் சேலைகளையும் நகைகளையும் விட்டார். வெள்ளைக் கதர்ச் சேலை, நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராக்கம். எங்களுக்குத் தெரிந்த சுந்தராம்பாளின் உருவம் இதுதான். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். எங்கள் வீடுகளில் கணவனை இழந்த பெண் இத்தா இருப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 4 மாதமும் 10 நாளும். சுந்தராம்பாள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கணக்கு ஏறக்குறைய 47 வருடங்களுக்கு நீண்டது.

நான் வாசித்த கட்டுரைகள் எல்லாமே இந்த இடத்தில் அவரைக் கற்புக்கரசி என்று புகழ்ந்துவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகின்றன. எனக்கு அப்படிப் போக முடியவில்லை. 25 வயது, தனியான பெண், கையில் சொந்தமாக உழைத்த பணம், சுற்றிலும் நாடகக் கொந்தராத்துக்காரர்கள். அவரைப் பற்றி எதுவும் பேசலாம் என்று நினைத்த ஊர். அந்த ஊரில் வெள்ளைச் சேலை அவருக்கு ஒரு கேடயமாகவும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதைக் கட்டிய பிறகு அவரை ஒருவரும் கூத்தாடி என்று சொல்லவில்லை, அம்மா என்றே அழைத்தார்கள்.

இதை எங்கள் தமிழ் ஆசிரியையிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நீ சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் அந்தப் பெண்ணின் துக்கத்தையும் ஒரு தந்திரமாக்கிவிடாதே என்றார். அது உறைத்தது. இரண்டும் ஒன்றாக இருந்திருக்கக் கூடாதா? ஒருவர் உண்மையாகவே அழலாம். அழுதுகொண்டே தன்னைக் காத்துக்கொள்ளவும் செய்யலாம்.

அடுத்து நடந்ததைப் பார்த்தால் அவருக்குத் தன் மதிப்புத் தெரிந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை. தமிழில் முதல் பேசும் படம் 1931இல் வந்தது. சில வருடங்களுக்குள் படத் தயாரிப்பாளர்கள் நாடகப் பாடகர்களைத் தேடி அலையத் தொடங்கினார்கள். ஹசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் நந்தனார் படத்துக்காகச் சுந்தராம்பாளைக் கேட்டு வந்தார். அவருக்கு நடிக்க மனமில்லை. ஆளை அனுப்பிவிடுவதற்காக ஒரு லட்சம் ரூபா கேட்டார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. ஒரு முழுப் படத்தையே எடுத்து முடிக்கக் கூடிய பணம் அது. வந்தவரோ தருகிறேன் என்று சொல்லிவிட்டார். இந்தியாவிலேயே ஒரு படத்துக்கு ஒரு லட்சம் வாங்கிய முதல் நடிப்புக் கலைஞர் சுந்தராம்பாள்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் படத்தில் அவர் போட்டது நந்தனார் வேடம். அதாவது ஆண் வேடம். தீண்டாமையால் கோயிலுக்குள் விடப்படாத ஒரு பக்தனின் கதை அது. ஜோடி இல்லாத பாத்திரம், எனவே அவருடைய விரதத்துக்கும் பங்கமில்லை. சிறுவயதில் பழகிய ஆண் வேடம் இங்கே கைகொடுத்தது. வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படம் 1935இல் வெளிவந்தது. படமாக அது அவ்வளவு நன்றாக அமையவில்லை போலும். ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனத்தில் படத்தில் வந்த மரங்களுக்கும் எருமைக்கும் கிடைத்த பாராட்டு நடிகர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பாட்டைக் குறை சொன்னவர்கள் குறைவு.

அதற்குப் பிறகு 1940இல் மணிமேகலை, 1953இல் ஔவையார். 18 வருடங்களில் மூன்றே படங்கள். மணிமேகலை துறவி. ஔவையார் கிழவி. இன்னும் 11 வருடம் கழித்துப் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள், அவரும் துறவி. காதலியாகவோ மனைவியாகவோ வராத வேடங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஒரு நடிகை இவ்வளவு காலம் நின்றதை வேறெங்கும் நான் கேள்விப்படவில்லை. அவர் இழந்ததும் குறைவில்லை. மேடையில் வள்ளியாக நின்று தர்க்கம் செய்து சபையைச் சிரிக்க வைத்த பெண்ணை அதன் பிறகு யாரும் பார்க்கவேயில்லை. அந்த வள்ளியை நானும் ஒருபோதும் பார்க்க முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

இடையில் அரசியலும் இருந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் அவர் பொதுமேடைகளில் பாடத் தொடங்கினார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊர் ஊராகச் சென்று பாடினார். பாட்டுக் கேட்க வந்த சனம் அப்படியே பேச்சையும் கேட்டுவிட்டுப் போகும். காந்தி கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறினாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டாராம். அது ஏலம் விடப்பட்டு நிதிக்குப் போனதாகச் சொல்லுவார்கள். 1951இல் அவர் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து இந்தியச் சட்டமன்றம் ஒன்றுக்குள் நுழைந்த முதல் ஆள் அவரே. தமிழ்நாட்டில் அதன் பிறகு எத்தனை பேர் அந்த வழியால் போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஔவையார் படம்தான் அவரை எல்லா வீடுகளுக்கும் கொண்டு போனது. ஜெமினி எஸ். எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படம். அதில் நடிக்கும்போது சுந்தராம்பாளுக்கு வயது 45கூட ஆகவில்லை. கோலூன்றி நடக்கும் கிழவியாக வந்தார். பாடப் புத்தகத்தில் ஆத்திசூடி எழுதியவராக மட்டும் இருந்த ஔவைக்கு அன்றிலிருந்து ஒரு முகமும் ஒரு குரலும் கிடைத்துவிட்டன. 1965இல் வந்த திருவிளையாடலிலும் அவர்தான் ஔவை. பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலைக்குப் போன சின்ன முருகனை அவர் பாடிச் சமாதானம் செய்யும் காட்சியைத் தொலைக்காட்சியில் எங்களில் பலர் பார்த்திருப்போம். அப்போது வயது 57ஐ நெருங்குகிறது. குரலில் அந்த வயதைத் தேடினாலும் கிடைக்காது.

பூம்புகார் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. அதன் கதை வசனம் மு. கருணாநிதி. அவர் கடவுள் மறுப்பாளர், சுந்தராம்பாளோ முருக பக்தை. கட்சியும் எதிர்க் கட்சி. கோவலன் கொலையுண்ட பிறகு கவுந்தியடிகள் பாடும் பாட்டில் தெய்வம் எங்கே போனது என்று கேட்கும் கருத்தில் ஒரு அடி இருந்ததாம். அதை அப்படியே பாட மாட்டேன் என்று சுந்தராம்பாள் மறுத்தார், சொல் மாற்றப்பட்ட பிறகே பாடினார் என்று சொல்லப்படுகிறது. இதில் எனக்குப் பிடித்தது இரண்டு பக்கமும்தான். அவர் தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றவர்கள் அவருடைய குரல் வேண்டும் என்பதற்காகத் தங்கள் சொல்லை மாற்றினார்கள். அவர் படத்தை விட்டுவிட்டு வெளியேறவும் இல்லை.

பிந்திய வருடங்களில் மகாகவி காளிதாஸ், கந்தன் கருணை, துணைவன், காரைக்கால் அம்மையார் என்று பல படங்களில் வந்து பாடினார். 1966இல் தமிழ் இசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. இந்திய அரசு சிறந்த பின்னணிப் பாடகிக்குத் தேசிய விருது கொடுக்கத் தொடங்கிய முதல் வருடம் அது பி. சுசீலாவுக்குக் கிடைத்தது. அடுத்த வருடம், அதாவது 1969ஆம் ஆண்டுக்கு, துணைவன் படத்துக்காகச் சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. 60 வயது கடந்தவருக்கு! 1970இல் பத்மஸ்ரீ. கொடுமுடியில் ஒரு சினிமாத் தியேட்டரும் கட்டினார். ரயிலில் பாடிச் சில்லறை வாங்கிய அதே ஊர்ப்பக்கம்.

1980ஆம் ஆண்டு அவர் காலமானார். கடைசிவரை வெள்ளைக் கதர்தான்.

இதையெல்லாம் எழுதி முடித்த அன்று இரவு உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். கொழும்புக்கு வந்த பகுதியை மட்டும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். ஒரு புத்தகத்தில் அவரது பழைய நாடகக் காலப் படம் ஒன்று இருந்தது, அதைக் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்தேன். வெள்ளைச் சேலைக்கு முந்திய காலம். நிறைய நகை, தலையில் பூ. உம்மம்மா அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு இது யாருடைய பிள்ளை, இவ்வளவு வடிவாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.